1001 மாடுகளும் ஒரு காதல் கதையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எப்போதாவது போயிருக்கிறீர்களா? படப்பையைத் தாண்டினால், ஒரகடத்துக்கு முன்னால் சேரப்பணஞ்சேரி என்று ஓர் ஊர் வரும். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த வட்டாரம். இப்போது ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அந்தச் சாலை ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபது வயசு இருக்கலாம். டிபன் பாக்ஸின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். பதறிப்போய் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்... கொரியன் சீரியல்" என்று வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தேன். மழை. ஒரு பையன் குடையோடு நிற்கிறான். எதிரே ஒரு பெண். அவ்வளவுதான்! ஒருத்தரும் யாரையும் அறையவில்லை. பால் சொம்பில் யாரும் விஷம் கலக்கவில்லை. அந்தப் பையன் குடையைக் கொஞ்சம் அந்தப் பெண் பக்கமாகச் சாய்க்கிறான். அவன் தோள் நனைகிறது. அதற்குத்தான் சேரப்பணஞ்சேரியில் இந்தக் கண்ணீர்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு வராத தேசமே இல்லை. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் பின்லாந்துக்காரர்களின் நோக்கியா வந்தது. 2014ல் மூடும்வரை கோடிக்கணக்கில் போன் செய்தது. செய்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர்ப் பெண்கள். 2010ல் ஒரகடத்துக்கு ஜப்பான் நிஸானும் பிரான்ஸ் ரெனோவும் ஜோடியாக வந்தன. 2012ல் ஜெர்மனி டைம்லர் லாரி செய்ய ஆரம்பித்தது. மறைமலைநகரில் அமெரிக்காவின் ஃபோர்டு 2022 வரை கார் செய்துவிட்டுக் கிளம்பியது. சரி, பின்லாந்து சீரியல் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்? ஜெர்மன் கதாநாயகன் ஒருவன்? தெரியாது இல்லையா? அப்படியானால் கொரியா மட்டும் எப்படி ஃபேக்டரி கேட்டைத் தாண்டி ஹாஸ்டல் அறைக்குள் வந்து, தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது?

கதை ஒரு டைனோசரிலிருந்து ஆரம்பிக்கிறது!

1994 மே மாதம். தென்கொரிய அதிபர் கிம் யங்-சாமிடம் அவருடைய அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு கணக்கு. முந்தைய ஆண்டு வந்த 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே ஒரு ஹாலிவுட் படம் சம்பாதித்த பணம், 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் பணத்துக்குச் சமம்! இரும்பை உருக்கி, தகடு அடித்து, பெயின்ட் பூசி, கப்பலேற்றி ராத்திரி பகலாக உழைத்த ஒரு தேசத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்? நம்ம வீட்டில் அப்பா ஆயுசெல்லாம் லாரி ஓட்டிச் சேர்த்ததை, பக்கத்து வீட்டுப் பையன் ஒரே பாட்டில் சம்பாதித்துவிட்டான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்... அப்படி. படம், பாட்டு, சீரியல் எல்லாம் பொழுதுபோக்கு இல்லை, தொழில் என்று அரசாங்கம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து ஒரு பேரிடி. 1997 கடைசியில் ஆசிய நாடுகளைச் சாய்த்த நிதி நெருக்கடியில் கொரியாவும் சாய்ந்தது. நவம்பரில் சர்வதேச நிதியத்திடம் கையேந்தினார்கள். பெரிய கம்பெனிகள் விழுந்தன. வேலை போனவர்கள் லட்சக்கணக்கில். 1998 ஜனவரியில் அந்த ஜனங்கள் செய்த காரியம் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு நெஞ்சை அடைக்கும். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த தங்க மோதிரம் என்று வீட்டில் இருந்த நகையைக் கழற்றிக்கொண்டு வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். தேசத்தின் கடனை அடைக்க! சுமார் 35 லட்சம் பேர் கொடுத்த தங்கம் 220 டன்னுக்கும் மேல். (அடகுக் கடை வரிசை நமக்கும் தெரியும். ஆனால் இது வேற வரிசை.) 2001 ஆகஸ்டில் நிதியத்தின் கடன் மொத்தமும் அடைந்தது.

அந்த 1998ல், பிப்ரவரியில் அதிபரான கிம் டே-ஜுங், பண்பாட்டையும் ஏற்றுமதிச் சரக்காகவே பார்த்தார். 1999ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் 'எல்லாம் அரசாங்கத்தின் திட்டம்' என்று சொல்கிறார்களே, அதை நான் பாதிதான் நம்புவேன். சட்டம் போட்டு யாரையும் அழவைக்க முடியாது. 1991ல் எஸ்.பி.எஸ். என்ற தனியார் சேனல் வந்து, ஏற்கெனவே இருந்த கே.பி.எஸ்., எம்.பி.சி. இரண்டோடும் மல்லுக்கட்ட ஆரம்பித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டுப் பெண்களைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும். சீரியல் தேறியது அந்தச் சண்டையில்தான்.

1998 என்றதும் இன்னொரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த சீரியல் எழுத்தாளரும் எழுதத் துணியாத காட்சி.

ஹூண்டாயை நிறுவிய சுங் ஜு-யங், இன்றைக்கு வடகொரியாவில் இருக்கும் ஒரு கிராமத்து ஏழை விவசாயியின் மகன். 1915ல் பிறந்தவர். இளவயதில் அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர். பிறகு தேசம் இரண்டாகப் பிளந்தது. மகன் கோடீஸ்வரன் ஆனான். பிறந்த ஊருக்கு மட்டும் நினைத்தபோது போக முடியவில்லை. 1998 ஜூன் 16 அன்று, 82 வயதில், 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடந்து வடக்கே போனார். அக்டோபரில் இன்னும் 501. ஆகமொத்தம் 1001 மாடுகள். அப்பாவின் ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி!

இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில், 1998 செப்டம்பரில் என்ன நடந்தது தெரியுமா? நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அங்கே கிழவர் மாடு ஓட்டிக்கொண்டிருக்கிறார், இங்கே ஷாருக் கான் விளம்பரத்தில் சான்ட்ரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். காரோடு கொரிய இன்ஜினீயர்கள் வந்தார்கள். அவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடைப் பலகைகளில் வட்டமும் கோடுமாக அந்த எழுத்து வந்தது. கூடவே 'பல்லி பல்லி' என்ற வார்த்தையும் வந்தது. சுவரில் ஊர்வது இல்லை. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அர்த்தம். லைனில் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஆனால் அந்த இன்ஜினீயர்கள் சீரியலைக் கொண்டுவரவில்லை. இதைத்தான் பலர் தப்பாக நினைக்கிறார்கள். கார் வந்த வழி வேறு, காதல் வந்த வழி வேறு.

காதல் முதலில் போனது சீனாவுக்கு. 1997ல் சீன அரசுத் தொலைக்காட்சி 'காதல் என்றால் என்ன' என்ற கொரியக் குடும்பத் தொடரை ஒளிபரப்ப, ஊரே உட்கார்ந்து பார்த்தது. கொஞ்ச நாளில் சீனப் பத்திரிகைகள் இந்தப் பைத்தியத்துக்கு 'கொரிய அலை' என்று பெயர் வைத்தன. 2002ல் கே.பி.எஸ்.ஸில் வந்த 'வின்டர் சொனாட்டா' அடுத்த வருடம் ஜப்பான் போனது. அதன் கதாநாயகன் பே யோங்-ஜூன் 2004 நவம்பரில் டோக்கியோ நரிட்டா விமான நிலையத்தில் இறங்கியபோது ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டுவிட்டார்கள். சின்னப் பெண்கள் இல்லை சார்... நாற்பது, ஐம்பது வயது அம்மாக்கள்! ஒரு காலத்தில் கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்ட தேசத்துப் பெண்கள், ஒரு கொரியனின் புன்னகைக்காகக் கால் கடுக்க நின்றார்கள். சரித்திரம் சில கணக்குகளை இப்படித்தான் தீர்க்கும் போலிருக்கிறது.

இந்தியாவுக்குள் அலை நுழைந்த வாசல் மணிப்பூர். 2000ல் அங்கே ஒரு தீவிரவாத அமைப்பு இந்திப் படங்களுக்கும் சேனல்களுக்கும் தடை போட்டது. காலியான இடத்தில் கேபிள் வழியாக அரிராங் என்ற கொரிய சேனல் வந்து உட்கார்ந்தது. இம்பால் பிள்ளைகளின் தலைமுடி வெட்டே மாறிப்போனது. 2006ல் தூர்தர்ஷன் இரண்டு கொரியச் சரித்திரத் தொடர்களை இந்தியில் காட்டியது. நாம் கவனிக்கவில்லை. நமக்கு அப்போது 'கோலங்கள்' ஓடிக்கொண்டிருந்தது. 2003ல் ஆரம்பித்து 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடு!

தமிழுக்கு அதை அழைத்து வந்தது புதுயுகம் தொலைக்காட்சி. 2013 அக்டோபரில் தொடங்கிய சேனல். கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்தார்கள். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தமிழில் வந்தபோது, கல்லூரி விடுதிகளில் நான்கு கதாநாயகர்களில் யார் உசத்தி என்று கட்சி பிரிந்தார்கள். பெரியவர்கள் "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கானுங்க, எப்படிடீ அடையாளம் தெரியுது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு 2020 மார்ச்சில் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது மிச்சம் இருந்தவர்களும் விழுந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... நானும்தான்.

என்னை விழவைத்தது 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. சியோலின் பணக்காரக் குடும்பத்துப் பெண் பாராகிளைடிங் போகும்போது சூறாவளியில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரியாவில் ஒரு மரத்தில் விழுகிறாள். கீழே ஒரு ராணுவ கேப்டன். மற்றதை நீங்களே ஊகிக்கலாம். 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை கொரியாவில் ஓடியது. பதினாறே எபிசோடு. அதில் ஜோடியாக நடித்த ஹியூன் பின்னும் சன் யே-ஜின்னும் 2022 மார்ச்சில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்கோ பார்க்கப் பார்க்க அந்த மாட்டுக்காரக் கிழவர் ஞாபகம்தான். கற்பனையில் ஒரு பெரிய கம்பெனியின் வாரிசு வானத்திலிருந்து தவறி விழுந்த அதே எல்லையை, நிஜத்தில் ஒரு பெரிய கம்பெனியின் முதலாளி மாடுகளோடு கடந்து போனார். சீரியல்காரர்களுக்குக் கதை எங்கிருந்து வருகிறது என்று இனி கேட்காதீர்கள்.

ஓர் இழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்களை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இப்போது சொன்ன தொடரை எழுதிய பார்க் ஜி-இயுன்னும் பெண்தான். அதனால்தான் கதாநாயகன் சண்டை போட்டு ஜெயிப்பதைவிட, குனிந்து அவள் ஷூ லேஸைக் கட்டிவிடுவது பெரிய காட்சியாகிறது. நூடுல்ஸ் கொதிக்க வைத்துத் தருகிறான். 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறான். கையைப் பிடிக்கவே நாலைந்து எபிசோடு. முத்தமெல்லாம் பாதிக் கதை தாண்டி. நம்ம வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை.

பாஷையும் கொஞ்சம் சொக்குப்பொடி போடுகிறது. அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். அம்மா 'ஓம்மா'. அக்காவை 'ஓன்னி' என்கிறார்கள், நமக்கு 'அண்ணி' என்று கேட்கிறது. இதையெல்லாம் பார்த்து, ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகம் எழுதிவிட்டார். இன்றைய மொழியியல் அறிஞர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. எனக்கும் வருத்தம்தான், என்ன செய்ய? ஒரே ஓர் இடத்தில்தான் தமிழ்க்காதுக்கு இடறும். அங்கே பெண் தன் காதலனை 'ஓப்பா' என்பாள். அர்த்தம் 'அண்ணா'! நம்ம ஊரில் அந்த ஒரு வார்த்தை விழுந்தால் காதல் கதை அங்கேயே முடிந்தது, மறுநாள் ராக்கிதான். 'மாமா' என்றோ 'அத்தான்' என்றோ நீங்களே மனசுக்குள் டப்பிங் செய்துகொள்ள வேண்டும்.

உறவு என்றதும் கப்பலேறி வந்த ஒரு மணப்பெண் ஞாபகம் வருகிறாள். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்த பிட்சு தொகுத்த 'சம்குக் யூசா' என்ற நூலில் உள்ள கதை. கி.பி. 48. 'ஆயுத்தா' தேசத்திலிருந்து 16 வயது இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக், கடல் தாண்டி சூரோ மன்னனை மணக்க வருகிறாள். வரவேற்க அமைச்சர்கள் ஓடுகிறார்கள், அரண்மனைக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். அவள் அசையவில்லை. முன்பின் தெரியாத உங்கள் பின்னால் நான் எப்படி வருவேன் என்கிறாள். கடைசியில் மன்னனே இறங்கி வந்து, மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுக் காத்திருந்தான்! முதல் கொரியக் காதல் தொடரின் முதல் எபிசோடு இதுதான் என்பேன். அவள் ஊர் அயோத்தி என்பார்கள் சிலர், தமிழ்நாட்டுக் கரை என்பார்கள் சிலர். நடந்ததாகச் சொல்வதற்கும் எழுதியதற்கும் நடுவில் பன்னிரண்டு நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் வரலாற்று ஆய்வாளர்கள் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் கொரியாவின் கிம்ஹே நகரில் அவளுக்குச் சமாதி இருக்கிறது. கிம்ஹே கிம் வம்சத்தார் அவளைத் தங்கள் பாட்டியாகக் கும்பிடுகிறார்கள். அலைக்குச் சட்டம் போட்ட அதிபர் கிம் டே-ஜுங் அந்த வம்சம்தான்!

(2024 ஜனவரியில் கரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்பு படிக்கும் மூன்று சிறுமிகள், பி.டி.எஸ். பாட்டுக் குழுவைப் பார்க்க, சேர்த்து வைத்த காசோடு கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது திட்டம். நல்லவேளை, காட்பாடியிலேயே மீட்டுவிட்டார்கள். எதிர்த்திசையில் கிளம்பிய மூன்று இளவரசிகள்.)

சரி, சேரப்பணஞ்சேரிக்குத் திரும்புவோம். அந்தப் பெண் ஏன் அழுதாள் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு சியோலில் குரோ என்ற பேட்டைக்குப் போக வேண்டும்.

1960களில் அங்கே ஒரு தொழிற்பேட்டை கட்டினார்கள். துணி, விக், மின்னணுச் சாமான். கிராமங்களிலிருந்து பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தேன்கூடு மாதிரி அடுக்கிய குட்டி அறைகளில் நாலைந்து பேராகப் படுத்தார்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் தம்பி படிப்புக்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1970 நவம்பர் 13 அன்று சியோலின் தையல் பட்டறைப் பகுதியில் ஜோன் தே-இல் என்ற 22 வயது இளைஞன், தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று முழங்கித் தன்னைத்தானே எரித்துக்கொண்டான். அவன் யாருக்காகக் கேட்டான் என்றால், காற்றில்லாத பட்டறைகளில் இருமிக்கொண்டே தைத்த இந்தச் சின்னப் பெண்களுக்காக. 1985 ஜூனில் குரோ பெண்கள் ஒரு ஃபேக்டரிக்காக இன்னொரு ஃபேக்டரி என்று சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த எழுபதுகளில் கொரியா பார்த்த சீரியல் என்ன தெரியுமா? 1972ல் கே.பி.எஸ்.ஸில் வந்த 'யோரோ'. மாமியாரிடம் வதைபடும் ஏழை மருமகளின் கதை. 211 எபிசோடு! அவர்களும் நம்மைப் போல அழுது தீர்த்துவிட்டுத்தான் இந்தக் குடைக் காட்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இன்றைய தொடர்களில் இந்தக் குரோ பெண்களை அதிகம் பார்க்க முடியாது. கம்பெனி வாரிசு இருப்பான், ஏழைப் பெண் இருப்பாள், லைனில் நிற்கிறவள் இருக்க மாட்டாள். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சேரப்பணஞ்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் நடந்த அந்தக் கதையை எந்தக் கொரிய சீரியலும் காட்டாது என்பது எனக்கு ஒரு குறைதான்.

அந்தக் குறையை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "கம்பெனி ஓனர் பையன் உன் ஷூ லேஸைக் கட்ட வருவானாம்மா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வரமாட்டான்னு தெரியாதா சார்? எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கோம். 'சீக்கிரம்', 'அடுத்தது', இதைத் தவிர ஒரு வார்த்தை காதுல விழாது. இதுல பாருங்க, ஒருத்தன் ஒண்ணுமே பேசாம ரெண்டு நிமிஷம் நிக்கிறான். அதைப் பார்த்தா நல்லா இருக்கு. அதோட பதினாறுல முடிஞ்சிரும். எங்கம்மா பார்க்கிற சீரியல் நான் ஸ்கூல் படிக்கும்போது ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது."

எனக்குப் பதில் தோன்றவில்லை. என்ன தொடர் என்று கேட்டேன். பாராகிளைடிங் தொடரேதான். அவள் ஊரில் இரண்டு மாதத்துக்கு முன்னால் போன் உடைந்துபோய் பாதியில் நின்றதாம். இப்போது பதினாலாவது எபிசோடு. மிச்சம் இரண்டை ஞாயிற்றுக்கிழமை அறையில் எல்லோருமாகச் சேர்ந்து பார்க்க வைத்திருக்கிறாளாம்.

"நான் முழுசும் பார்த்துட்டேன்மா. கடைசியில..." என்று வாயைத் திறந்தேன்.

"ஐயோ சொல்லிடாதீங்க சார்!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.